ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிறு பள்ளியிலும் மறைக்கல்வி வகுப்பிலும் நடக்கும் தவறுகளில் பல ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. பிள்ளைகள் வேதப்பகுதியை முழுதாகக் கேட்கும் முன்பே ஆசிரியர் அதன் நீதியைச் சொல்லி முடித்துவிடுகிறார்.

யோனாவின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 4 அதிகாரம். நினிவே நகருக்குப் போகச் சொன்ன கடவுளிடமிருந்து ஓடிய யோனாவைக் கடலில் ஒரு பெரிய மீன் விழுங்குகிறது. மீன் அவரைக் கரையில் கக்கியதும், "பார்த்தீர்களா, கீழ்ப்படிய வேண்டும்" என்று பல வகுப்புகளில் பாடம் முடிந்துவிடும். அது 2-ஆம் அதிகாரம்தான். அடுத்ததில் யோனா கீழ்ப்படிந்து நினிவேக்குப் போகிறார், ஊரே மனம் திரும்புகிறது. 4-ஆம் அதிகாரத்தில் அதற்காகவே கோபித்துக்கொண்டு ஊருக்கு வெளியே போய் உட்காருகிறார். நிழல் தந்த செடியைப் புழு அரித்து அது பட்டுப்போனதும், செத்தால் தேவலை என்கிறார். வலக்கை எது, இடக்கை எது என்று தெரியாத 1,20,000-க்கும் மேற்பட்டவர்கள் வாழும் ஊருக்கு நான் இரங்க மாட்டேனா என்று கடவுள் கேட்கிறார். அந்தக் கேள்வியோடு நூல் நின்றுவிடுகிறது. யோனாவின் பதில் இல்லை. கால் கீழ்ப்படிந்தது, மனம் கீழ்ப்படியவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கும் இது புரியும், ஏனென்றால் தம்பியை மன்னித்துவிட்டதாக வாயால் மட்டும் சொன்ன அனுபவம் அதற்கு உண்டு.

அந்த 4-ஆம் அதிகாரத்தில் 11 வசனங்கள்தான். நிதானமாக வாசித்தாலும் மூன்று நிமிடம் ஆகாது. இரண்டு முறை வாசியுங்கள். பிறகு ஒரே கேள்வி: "யோனாவுக்கு ஏன் கோபம்?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் கடினம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் ஏறக்குறைய ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். 3 நொடியோ அதற்கு மேலோ பொறுத்தபோது பதில்கள் நீண்டன. வேத வகுப்பில் மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். "இயேசு", "ஜெபம்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய பதில் உள்ள கேள்வியானால், எவ்வளவு காத்திருந்தும் பயனில்லை.

மனப்பாட வசனத்திலும் இதே அவசரம்தான். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற பிலிப்பியர் 4:13, தேர்வுக்கு முன் சொல்லும் வெற்றி வசனமாகிவிட்டது. பவுல் அதை எழுதியது சிறையிலிருந்து. முந்தின வசனம் பட்டினியையும் நிறைவையும் சமமாகத் தாங்கப் பழகியதைப் பேசுகிறது. அதை விட்டுவிட்டுக் கற்ற பிள்ளை தேர்வில் தோற்றால், வசனம் பொய் என்று நினைக்கும். முன்னும் பின்னும் இரண்டு வசனம் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். தண்டனையாக வசனம் எழுத வைக்கவே வேண்டாம்.

இல்லாததைச் சேர்ப்பதும் பின்னால் வந்து கடிக்கும். குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த ஞானிகள் மூன்று பேர் என்று மத்தேயு நற்செய்தியில் இல்லை, காணிக்கைதான் மூன்று. ஆதாமும் ஏவாளும் கனியைத் தின்ற ஏதேன் தோட்டக் கதையில் ஆப்பிள் என்ற சொல்லே கிடையாது. பதினைந்து வயதில் தானாக வாசித்துக் கண்டுபிடிக்கும் பிள்ளை, மற்றவற்றையும் சந்தேகிக்கும்.

சந்தேகம் கேட்கும் பிள்ளையிடம் "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்றால், அது கேட்பதை நிறுத்தும், சந்தேகிப்பதை நிறுத்தாது. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லி, கேள்வியை எழுதிவைத்து, அடுத்த வாரம் முதல் வேலையாக அதை எடுங்கள்.

மரணத்தைப் பற்றிய பேச்சில் மிகுந்த கவனம் வேண்டும். "கடவுளுக்கு ரொம்பப் பிடித்ததால் பாட்டியை எடுத்துக்கொண்டார்" என்றால், கடவுளுக்குத் தன்னையும் பிடித்துவிடுமோ என்று சின்னப் பிள்ளை பயப்படும். "தூங்குகிறார்" என்றால் இரவில் தூங்கவே அஞ்சும். "பாட்டி இறந்துவிட்டார், உடம்பு இனி வேலை செய்யாது" என்று நேராகச் சொல்லுங்கள். நம்பிக்கையின் வார்த்தை அதற்குப் பிறகு வரட்டும்.

கடைசியாக, எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள். வகுப்புக்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும். "யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யுங்கள்" என்று ஒரு பிள்ளை தொடங்கினால், சத்தியம் செய்யாதீர்கள். "உனக்கு ஆபத்து என்றால் உதவக்கூடியவரிடம் நான் சொல்லியாக வேண்டும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கேளுங்கள். துருவிக் கேட்காமல், பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே அன்றே எழுதி, பொறுப்பாளரிடமோ குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிகளிடமோ அன்றே சேர்த்துவிடுங்கள்.