வீர் சக்கரத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

எங்கள் பெங்களூரு அல்சூர் வீட்டில் அப்பாவின் பதக்கங்கள் பல வருஷம் பிஸ்கட் டின்னில்தான் இருந்தன. தாத்தா, ராணுவத்தின் பொறியாளர் படையான மதராஸ் சாப்பர்ஸில் சுபேதார். அப்பா அதே படையில் அதிகாரி, 1971 போரில் வீரத்துக்கான வீர் சக்கரம் என்ற பதக்கம் வாங்கியவர். ஒரு பொங்கலுக்கு அத்தை, பூஜைப் பாத்திரங்களோடு அதையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். அதிலுள்ள நட்சத்திரத்தின் முனைகள் மழுங்கிவிட்டன. இன்றும் பார்த்தால் மனசு வலிக்கிறது.

வீர் சக்கரம் வெள்ளி. கறுத்தால் கறுக்கட்டும், பாலிஷ் வேண்டாம். பருத்திக் கையுறை போட்டு எடுத்து, மெல்லிய துணியால் தூசியை மட்டும் ஒற்றி எடுங்கள். ரப்பர் பேண்ட் போட்டு வைக்கவே கூடாது. அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும். விளிம்பை லென்ஸ் வைத்துப் பாருங்கள், பெயர் பொறித்திருக்கும். அப்பாவின் பெயரை அப்படி முதன்முதலில் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது.

அப்புறம் ரிப்பன். பாதி கருநீலம், பாதி காவி. வெயில் பட்டதில் காவிதான் முதலில் வெளுத்தது, அதனால் ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். சட்டகத்தில் வைக்கும்போது, நாம் பார்க்க இடது கோடியில் வீர் சக்கரம். சங்கிராம் பதக்கம் போன்ற போர்ப் பதக்கங்கள் அதற்கு வலப்பக்கம். விருதுக் குறிப்பு இந்திய அரசிதழில் வந்திருக்கும், நகல் எடுத்துப் பின்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

குடும்பத்தார் அணிவதானால் வலது மார்பில் குத்த வேண்டும். இடப்பக்கம் அப்பாவுடையது.