ஃபிட்லர் நண்டின் கொடுக்கு: அடுக்குச் சார்பு பொருத்தும் முறை

ஆண் ஃபிட்லர் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் பூதாகரமாக இருக்கும். பிச்சாவரம் சேற்றில் தண்ணீர் வடியும்போது அதை ஆட்டிக்கொண்டு நிற்கும். உடல் வளர வளர அந்தக் கொடுக்கு உடலைவிட வேகமாகக் கனக்கும். உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி 1924-இல் இந்த வகை நண்டை வைத்தே இப்படிப்பட்ட வளர்ச்சியை விளக்கினார். சூத்திரம் இதுதான்:

கொடுக்கு எடை = கெழு × (உடல் எடை)^அடுக்கு

கெழு என்பது மாறாத பெருக்கும் எண். ^ என்பது அடுக்குக் குறி.

முதலில் தரவு. ஒரே இனம், ஆண்கள் மட்டும், குறைந்தது 30 நண்டுகள். மிகச் சிறியதற்கும் மிகப் பெரியதற்கும் எடையில் பத்து மடங்காவது வித்தியாசம் இருக்கட்டும். இரண்டு மடங்குக்குள் அடங்கிவிட்டால், நாலைந்து புள்ளிகள் பிசகினாலே அடுக்கு எங்கோ போய்விடும். உடைந்து மறுபடி முளைத்த கொடுக்கு, அதே நீளத்துக்கு எடை குறைவாக இருக்கும். பற்களும் சரியாக இருக்காது. அவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டு எடைகளுக்கும் 10-அடி மடக்கை (log) எடுத்து வரைபடத்தில் குறியுங்கள். புள்ளிகள் நேர்கோட்டில் வந்தால், கோட்டின் சாய்வுதான் அடுக்கு. எக்செலில் மடக்கைகளுக்கு ‘ஸ்லோப்’ (SLOPE) சூத்திரம் போட்டால் போதும். 100 மி.கி. உடலுக்கு 12 மி.கி. கொடுக்கு, 1000 மி.கி. உடலுக்கு 478 மி.கி. கொடுக்கு என்று வைத்துக்கொள்வோம். உடல் 10 மடங்கு, அதன் மடக்கை 1. கொடுக்கு 39.8 மடங்கு, அதன் மடக்கை 1.6. ஆக அடுக்கு 1.6. உடல் இரட்டித்தால் கொடுக்கு மூன்று மடங்காகும்.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ‘உடல் எடை’ என்பது கொடுக்கைக் கழித்த எடை. மேலே உள்ள நண்டுகளை முழு எடையோடு போட்டால் 112-உம் 1478-உம் ஆகும், அடுக்கு 1.43-க்கு இறங்கிவிடும். கொடுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டு தன் வேகத்தைத் தானே மறைக்கிறது. தராசில் வைக்கும் முன்பே கொடுக்கைத் தனியாக எடுத்துவிடுவது நல்லது.

அடுக்கை எதோடு ஒப்பிடுவது? கொடுக்கும் உடலும் ஒரே வேகத்தில் வளர்ந்தால் வரும் அடுக்கோடு. எடைக்கு எடை, நீளத்துக்கு நீளம் என்றால் 1. நீளத்தை வைத்து எடை என்றால் 3, பரப்பு என்றால் 2. நண்டை வெர்னியர் அளவுகோலால் அளந்து, ஓட்டின் அகலத்துக்கு எதிராகக் கொடுக்கின் எடையைப் போட்டவர், 3-ஐத் தாண்டினால்தான் கொடுக்கு முந்துகிறது என்று சொல்லலாம். 2.8 வந்ததும் ‘அபார வளர்ச்சி’ என்று எழுதுவது தவறு, அது பின்தங்கல்.

அலகை மாற்றினால் கெழு மட்டும் மாறும். மேலே மி.கி.யில் 0.00757, கிராமில் 0.478. அடுக்கு அதே 1.6. அதனால் அலகு குறிப்பிடாத கெழுவை எங்கும் எடுத்தாளாதீர்கள்.

மடக்கை வரைபடத்திலேயே கோடு ஓரிடத்தில் மடிந்தால், ஒரே கோட்டை வலிந்து இழுக்க வேண்டாம். வயதுக்கு வரும் கட்டத்தில் வளர்ச்சி விகிதம் மாறுவது நண்டுகளில் சகஜம். அந்த இடத்தில் தரவைப் பிரித்து, இரண்டு பகுதிக்கும் தனித்தனி அடுக்கு கண்டுபிடியுங்கள்.