மோட்லாரொய்ட்: நடுவில் சுவர் எழும்பிய சிற்றூரைச் சுற்றிப் பார்ப்பது எப்படி

ஜெர்மனியில் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கோலாலம்பூரிலிருந்து கிளம்பும் குடும்பங்கள் பெரும்பாலும் பெர்லின் சுவரின் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றன. பெர்லினில் மிச்சமிருக்கும் சுவரைச் சுற்றிப் புது நகரம் வளர்ந்துவிட்டது. சுவர் ஓர் ஊரை என்ன பாடு படுத்தியது என்று தெரிய வேண்டுமானால் மோட்லாரொய்டுக்குப் போங்கள். பவேரியா, துரிங்கியா மாநிலங்கள் சந்திக்கும் இடத்தில், ஹோஃப் நகரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஐம்பது பேர் அளவில்தான் மக்கள்தொகை. அமெரிக்கப் படையினர் இதற்கு 'சின்ன பெர்லின்' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

முதலில் போகும் வழி. நூரன்பெர்க்கிலிருந்து வட்டார ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் ஹோஃப் வந்துவிடலாம். குடும்பமாகப் போனால் பவேரிய மாநில ரயில் சீட்டான பயர்ன் டிக்கெட்தான் கட்டுப்படியாகும். ஒரே சீட்டில் ஐந்து பேர்வரை அன்று முழுக்கப் பயணம் செய்யலாம். ஆனால் திங்கள் முதல் வெள்ளிவரை காலை 9 மணிக்குப் பிறகுதான் அது செல்லும். எட்டரை மணி ரயிலில் ஏறிவிட்டு அபராதம் கட்டுபவர்கள் உண்டு. அதிவேக ஐசிஇ ரயிலில் அந்தச் சீட்டு எப்போதுமே செல்லாது.

ஹோஃபிலிருந்துதான் சிக்கல். இந்த மாதிரிக் குக்கிராமங்களுக்குப் பேருந்துகள் பள்ளி நேரத்தை ஒட்டியே ஓடும். ஞாயிறும் பள்ளி விடுமுறையும் வந்தால் அதுவும் குறைந்துவிடும். டாக்சியில் போனால் திரும்பி வர எத்தனை மணிக்கு வேண்டும் என்று இறங்கும்போதே ஓட்டுநரிடம் பேசி வைத்துவிடுங்கள். அங்கே தெருவில் நின்று கையைக் காட்டினால் நிற்க எந்த வண்டியும் வராது. வாடகைக் கார் எடுப்பதானால் மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் வாங்கிய அனைத்துலக ஓட்டுநர் உரிமமும் மலேசிய உரிமமும் இரண்டுமே கையில் இருக்க வேண்டும். நமக்கு இடப்பக்கம், அங்கே வலப்பக்கம். ஆளில்லாத கிராமச் சாலையில் திரும்பும்போதுதான் பழக்கதோஷம் காலை வாரும். ஊர்ப் பெயர் எழுதிய மஞ்சள் பலகையைத் தாண்டியதும் வேக வரம்பு 50. அதற்கெனத் தனி எண் பலகை இருக்காது.

அந்த மஞ்சள் பலகையிலிருந்தே பார்க்கத் தொடங்குங்கள். ஊர்ப் பெயருக்குக் கீழே எந்த ஊராட்சி, எந்த மாவட்டம் என்று சிறிய எழுத்தில் இருக்கும். பவேரியப் பாதி டோப்பன் ஊராட்சியைச் சேர்ந்தது, அஞ்சல் குறியீடு 95183. துரிங்கியப் பாதி கெஃபல் நகராட்சிக்குள் வருகிறது, குறியீடு 07926. இரண்டும் ஒரே ஊர்தான். வழிகாட்டிச் செயலியில் எதைப் போட்டாலும் வந்து சேர்வீர்கள்.

வந்தவர்கள் நேரே சுவரிடம் ஓடுகிறார்கள். அப்படிப் போனால் பாதிக் கதை பிடிபடாது. முதலில் ஊர் நடுவே போகும் டன்பாக் ஓடைக்குப் போங்கள். ஒரே எட்டில் தாண்டிவிடலாம் போல அவ்வளவு சிறிய ஓடை. எல்லையே இதுதான், அதுவும் பனிப்போருக்கு வெகு முன்பிருந்தே. 1810-இல் இங்கே எல்லைக் கற்கள் நட்டார்கள். ஒரு பக்கம் பவேரிய முடியரசு, மறுபக்கம் ராய்ஸ் சிற்றரசு. கல்லில் கேபி, எஃப்ஆர் என்னும் ரோமன் எழுத்துகள் அந்த இரண்டு அரசுகளையும் குறிப்பவை. கல் மங்கலாக இருந்தால் கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், வெட்டு தெரியும். நேரே ஒளி அடித்தால் ஒன்றும் தெரியாது.

இந்தக் கற்களை மனதில் வைத்துக்கொண்டால்தான் மற்றது புரியும். சுமார் 140 ஆண்டுகள் இந்தக் கோடு யாரையும் தடுக்கவில்லை. பள்ளியும் மதுக்கடையும் துரிங்கியப் பக்கம், கும்பிடப் போகும் தேவாலயம் பவேரியப் பக்கத்து டோப்பனில். ஊர் முழுக்க ஓடையைத் தாண்டிப் போய்வந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க வட்டாரத்துக்கும் சோவியத் வட்டாரத்துக்கும் எல்லையாகப் புதுக்கோடு எதையும் போடவில்லை. பழைய மாநில எல்லையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 1949-இல் அது இரண்டு நாடுகளின் எல்லையாகிவிட்டது.

மே 1952-இல் கிழக்கு ஜெர்மனி கெடுபிடியைத் தொடங்கியது. எல்லையை ஒட்டி 10 மீட்டர் உழுத பட்டை, அதன்பின் 500 மீட்டர் காவல் பட்டை, அதன்பின் 5 கிலோமீட்டர் தடைப் பகுதி. கிழக்குப் பாதி மோட்லாரொய்ட் முழுக்க அந்த 500 மீட்டருக்குள் அடங்கிவிட்டது. உறவினரே ஆனாலும் அனுமதிச் சீட்டில்லாமல் உள்ளே வர முடியாது. மேற்கிலிருந்து பார்ப்பவர்களை நோக்கிக் கிழக்குப் பக்கத்தவர் கை அசைப்பதுகூடத் தடை. முதலில் மரவேலி, பிறகு முள்கம்பி, 1966-இல் 700 மீட்டர் நீளத்துக்கு மூன்று மீட்டருக்கும் உயரமான கான்கிரீட் சுவர். 1983-இல் அமெரிக்கத் துணை அதிபராக இருந்த ஜார்ஜ் புஷ் மேற்குப் பக்கம் வந்து பார்த்துவிட்டுப் போனார். மேற்கிலிருந்து யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், கிழக்கில் அடுத்த கிராமத்துக்காரர்கூட வர முடியாது என்பதுதான் அன்றைய நிலை.

இப்போது ஊரிலுள்ள எல்லை அருங்காட்சியகத்தின் திறந்தவெளிப் பகுதிக்கு வாருங்கள். கிட்டத்தட்ட 100 மீட்டர் சுவரும் காவல் கோபுரமும் நிற்கின்றன. சில தடுப்புகள் பின்னால் காட்சிக்காக மறுபடி நிறுவப்பட்டவை. எது பழையது, எது அமைத்தது என்று விளக்கப் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். பார்க்கும் திசை முக்கியம். மேற்கிலிருந்து வராமல் கிழக்கிலிருந்து, தப்பிக்க நினைத்தவர் வந்திருக்கக்கூடிய திசையில், மேற்கு நோக்கி நடந்து வாருங்கள்.

அப்படி வந்தால் இந்த எல்லை அமைப்பில் முதலில் வருவது ரோந்து வண்டிகளின் பாதை, துளைகள் விட்ட கான்கிரீட் பலகைகளால் ஆனது. பிறகு கால்தடம் பதிவதற்காகவே சீவி வைத்த மண் பட்டை. அடுத்தது வண்டித் தடுப்புப் பள்ளம். அதன் கிழக்குச் சரிவு மெதுவாக இறங்கும், மேற்குப் பக்கம் கான்கிரீட் பலகை வைத்துச் செங்குத்தாக நிற்கும். கிழக்கிலிருந்து வரும் வண்டி இறங்கி முட்டி நிற்பதற்கான ஏற்பாடு. எதிரிப் படை மேற்கிலிருந்து வருவதைத் தடுக்கவே இதெல்லாம் என்று அந்த அரசு சொல்லிவந்ததற்கு இந்தச் சரிவே பதில். கம்பிவலை வேலியின் ஓட்டையில் ஒரு விரலை நுழைத்துப் பாருங்கள். பிடித்து ஏற முடியாதபடி அளவெடுத்துச் செய்திருப்பது தெரியும். கடைசியில்தான் சுவர்.

சுவரே எல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது கிழக்கு ஜெர்மனியின் மண்ணுக்குள் நின்ற சுவர். அதைத் தாண்டி ஓடைவரை இருந்த நிலமும் கிழக்குக்கே சொந்தம். சுவர் ஏறிக் குதித்தவர் இன்னும் சில எட்டு ஓடியாக வேண்டும். 1973-இல் ஒருவர் ஏணி வைத்துத் தாண்டி அப்படித்தான் மேற்கே போய்ச் சேர்ந்தார்.

1989 டிசம்பர் 9-ஆம் தேதி இங்கே நடந்து கடக்க வழி திறந்தார்கள், பெர்லின் சுவர் திறந்து ஒரு மாதம் கழித்து. 1990 ஜூன் 17-இல் இயந்திரம் கொண்டு சுவரை இடித்தார்கள். இன்று நிற்பது வேண்டுமென்றே விட்டுவைத்த மிச்சம். எல்லைப் பாதை முழுவதும் சுமார் 1,400 கிலோமீட்டருக்கு இப்போது பசுமைப் பட்டையாகப் பாதுகாக்கப்படுகிறது. ஊருக்கு வெளியே கொஞ்ச தூரம் அதில் நடக்கலாம். ஆனால் அந்தத் துளைப் பலகைகள் கணுக்காலைப் புரட்டிவிடும். செருப்பு வேண்டாம், தள்ளுவண்டியும் வேண்டாம்.

குளிரைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வட்டாரத்துக்கே பவேரிய சைபீரியா என்று பட்டப்பெயர். கோடையிலும் ஒரு காற்றுத்தடுப்புச் சட்டை பையில் இருக்கட்டும். சாப்பாட்டை ஹோஃபிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே பெயர் போன சாசேஜில் பன்றியோடு மாட்டிறைச்சியும் கலந்திருக்கக்கூடும். மாட்டிறைச்சி தொடாதவர்கள் கேட்டு வாங்குங்கள். ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும், ஆகையால் சனிக்கிழமையே தண்ணீர் உட்பட வாங்கி வைத்துவிட வேண்டும்.

தேதி குறிக்கும்போது கடைசியாக ஒன்றைக் கவனியுங்கள். தைப்பூசத்துக்குக் கோலாலம்பூரில் விடுமுறை, கிளந்தானில் இல்லை என்பதுபோல் அங்கேயும் விடுமுறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அதுவும் இந்த ஒரே ஊருக்குள்ளேயே. அக்டோபர் 31 துரிங்கியப் பாதிக்கு விடுமுறை, பவேரியப் பாதிக்கு வேலை நாள். மறுநாள் நவம்பர் 1 அப்படியே தலைகீழ். ஜனவரி 6-உம் பவேரியப் பக்கத்துக்கு மட்டும்தான். இந்த நாள்களில் போவதானால் பேருந்து அட்டவணையை இரண்டு மாநிலத்துக்கும் தனித்தனியாகப் பாருங்கள். அருங்காட்சியகம் திறந்திருக்கும் நேரத்தையும் அதன் இணையத்தளத்தில் முந்தைய நாளே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.