பழைய கம்ப்யூட்டர்ல ஹார்ட் டிஸ்க் போச்சுன்னு தோணுதா? மாத்துறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

சேலத்துல இன்னமும் 486, பென்டியம்னு 1990-கள் காலத்து ப்ராசஸர் இருக்கற மெஷின் ஓடுற எடம் இருக்கத்தான் செய்யுது. எடை மேடைல டாஸ்ல (கமாண்ட் அடிச்சு ஓட்டற பழைய சிஸ்டம்) பில் போடுற கம்ப்யூட்டர், செவ்வாய்ப்பேட்டை பக்கம் கல்யாண பத்திரிகை அடிக்கிற ப்ரெஸ்ல பேஜ்மேக்கர் (பக்கம் வடிவமைக்கற சாஃப்ட்வேர்) இருக்கற விண்டோஸ் 98 மெஷின், ஏற்காட்டுல காபி எஸ்டேட் ஆபீஸ்ல செக்ரோல் கணக்கு (வேலையாளுங்க வருகை, கூலி கணக்கு) ஏத்தி வெச்ச ஃபாக்ஸ்ப்ரோ டேட்டாபேஸ், இந்த மாதிரி. இது ஒரு நாள் காலைல கருப்பு ஸ்க்ரீன்லயே நின்னுடும், ஒடனே பக்கத்துல இருக்கறவங்க "டிஸ்க் போச்சுங்க, வேற போட்டுக்கலாம்"னு சொல்லிடுவாங்க, பழைய டிஸ்க் நேரா பழைய இரும்புக்கடைக்கு போயிடும். நான் பாத்ததுல நெறைய தடவ டிஸ்க் நல்லாத்தான் இருந்துச்சு, பேட்டரியோ கேபிளோதான் தகராறு. அப்படியே டிஸ்க்குதான் போயிருந்தாலும் உள்ள இருக்கறத எடுத்துட்டுதான் மாத்தணும், ஏன்னா அந்த கணக்கும் அந்த ஃபாண்ட்டும் வேற எங்கயும் கெடைக்காது.

பொட்டிய தொறக்கறதுக்கு முன்னாடி ப்ளக்க செவுத்துல இருந்து புடுங்கிடுங்க. சுவிட்ச் ஆஃப் பண்ணா போதாது. பழைய ஏடி டைப் கேபினட்ல முன்னாடி இருக்கற பவர் பட்டனுக்கே 230 வோல்ட் நேரா வருது, அந்த ஒயர் இன்சுலேஷன் வயசாகி காஞ்சு போயிருக்கும். இதுல மட்டும் அவசரம் வேணாம்.

மொதல்ல பேட்டரி. மதர்போர்டுல இருக்கற பேட்டரி தீந்துபோச்சுன்னா பயாஸ்ல (ஆன் பண்ணதும் மொதல்ல ஓடற, போர்டுலயே இருக்கற ப்ரோகிராம்) இருக்கற செட்டிங் எல்லாம் அழிஞ்சுடும், டிஸ்க் எத்தன சிலிண்டர் எத்தன ஹெட்டுங்கற அளவு கணக்கும் அதுலதான் இருக்கு. அது மறந்து போச்சுன்னா மெஷின் "ஹெச்டிடி கண்ட்ரோலர் ஃபெயிலியர்"னு சொல்லும், பாக்கறவங்களுக்கு டிஸ்க் செத்த மாதிரியே இருக்கும். இத கண்டுபுடிக்க ஈசியான வழி தேதிய பாக்கறது, தேதி பழைய வருஷத்துக்கு, அனேகமா 1980-க்கு போயிருந்தா பேட்டரி காலி. பென்டியம் காலத்து போர்டுல சிஆர்2032 நாணய பேட்டரி இருக்கும், எந்த வாட்ச் கடையிலயும் கெடைக்கும், மாத்திடலாம். 386, 486 போர்டுல நீலக்கலர்ல உருளையா 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரிய சால்டர் பண்ணி வெச்சிருப்பாங்க, அதுதான் வில்லன், கசிஞ்சு போர்டுல பக்கத்துல இருக்கற தாமிர கோடுகளையே தின்னுடும். பச்சையா வெள்ளையா பூத்திருந்தா ஒடனே வெட்டி எடுத்துட்டு, அந்த கசிவு காரம்ங்கறதால எலுமிச்ச சாறோ வினிகரோ பஞ்சுல தொட்டு தொடச்சு, அப்புறம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல கழுவி நல்லா காய விடுங்க. அந்த எடத்துல நேரா சிஆர்2032 வெக்கக்கூடாது, போர்டு பேட்டரிய சார்ஜ் பண்ணும், நாணய பேட்டரி சார்ஜ் ஏத்துற வகை இல்ல. நடுவுல ஒரு டையோடு (கரண்ட ஒரு பக்கமா மட்டும் விடற பாகம்) போடணும், இல்லனா நெறைய போர்டுல வெளி பேட்டரிக்குன்னே 4 பின் இருக்கும், ஜம்பர (பின்னுங்கள இணைக்கற சின்ன மூடி) மாத்திட்டு அதுல கனெக்‌ஷன் குடுக்கலாம். சில மெஷின்ல டல்லாஸ்னு எழுதின கருப்பு சிப்புக்குள்ளயே பேட்டரி அடைச்சு வெச்சிருப்பாங்க, அத முழுசாத்தான் மாத்தணும்.

பேட்டரி மாத்தியாச்சா, இப்பதான் ரொம்ப கவனம் வேணும். பயாஸ்ல டிஸ்க் வெவரத்த திரும்ப குடுக்கறப்போ ஆட்டோ டிடெக்ட் இருந்தா அதுவே நார்மல், லார்ஜ், எல்பிஏ (செக்டார வரிசை நம்பர்ல எண்றது)ன்னு டிஸ்க்குல எடத்த எண்ற மூணு முறை காட்டும். டிஸ்க்க மொதல்ல எந்த முறைல ஃபார்மேட் பண்ணாங்களோ அதே முறைதான் வேணும். வேற முறைய போட்டா டைரக்டரி எல்லாம் குப்பையா தெரியும், அத பாத்து பயந்து, தப்ப சரி பண்ற ஸ்கேன்டிஸ்க் ப்ரோகிராம ஓட்டினீங்கன்னா நல்லா இருந்த டேட்டாவ அதுவே நாசம் பண்ணிடும். அதனால மூணுல ஒரு முறைய போட்டு பாருங்க, டிர் கமாண்ட் குடுத்து ஃபைல் பேரெல்லாம் ஒழுங்கா வருதான்னு பாருங்க, வரலனா எதையும் எழுதாம அணைச்சுட்டு அடுத்த முறை. ஆட்டோ டிடெக்ட் இல்லாத பழைய பயாஸ்னா டைப் 47 எடுத்து டிஸ்க் லேபிள்ல இருக்கற சிலிண்டர், ஹெட், செக்டார் எண்ணிக்கைய நீங்களே அடிக்கணும்.

அதுக்கப்புறமும் வரலனா கேபிள். மொதல்ல உங்களுது எந்த வகை டிஸ்க்குன்னு பாத்துக்கோங்க. 40 பின் பட்டை கேபிள் ஒண்ணுதான்னா ஐடிஇ, 50 பின்னுன்னா ஸ்கஸி, 34 பின்னு ஒண்ணு 20 பின்னு ஒண்ணுன்னு ரெண்டு பட்டை வந்தா அது எம்எஃப்எம், ஐடிஇக்கும் முந்தின காலம். இங்க நான் சொல்றது ஐடிஇக்கு. பட்டைல செவப்பு கோடு இருக்கற பக்கம் 1-வது பின், அது பெரும்பாலும் பவர் கனெக்டர ஒட்டின பக்கம் வரும். ஏற்காடு மாதிரி வருஷத்துல பாதி நாள் பனியும் ஈரமுமா இருக்கற எடத்துல பின்னுல பாசி மாதிரி படிஞ்சு காண்டாக்ட் விட்டுடுது, ரெண்டு பக்கமும் மெதுவா கழட்டி திரும்ப அழுத்தி மாட்டினாலே உயிர் வந்துடற மெஷின் உண்டு. ஜம்பரையும் பாருங்க, ஒரே கேபிள்ல சிடி ட்ரைவும் சேந்து இருந்தா ஒண்ணு மாஸ்டர் ஒண்ணு ஸ்லேவ். வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க் தனியா இருக்கறப்போ மாஸ்டர்ல ஜம்பர் போட்டா சிலது தெரியவே தெரியாது, அதுக்கு சிங்கிள்னு தனி செட்டிங் இருக்கு, ஜம்பர கழட்டிடணும்.

மெஷின ஆன் பண்ணி, டிஸ்க்குக்கு வர பவர் கனெக்டர் ஒயர மல்டிமீட்டர்ல பாருங்க. கருப்புக்கும் செவப்புக்கும் 5 வோல்ட், கருப்புக்கும் மஞ்சளுக்கும் 12 வோல்ட், ரெண்டுமே 5 சதவீதம் முன்ன பின்ன இருக்கலாம். மோட்டார் சுத்த ஆரம்பிக்கறப்போதான் 12 வோல்ட்ல நெறைய கரண்ட் இழுக்கும், அந்த நேரத்துல 11-க்கு கீழ எறங்குதுன்னா டிஸ்க்க விட்டுட்டு எஸ்எம்பிஎஸ்ஸ (பவர் சப்ளை பொட்டி) பாருங்க.

இப்ப டிஸ்க் சத்தத்த கேளுங்க. நல்ல டிஸ்க் மெதுவா ஆரம்பிச்சு ஒரு ஸ்பீடுக்கு ஏறி நின்னு, சின்னதா டிர்ர்னு ஒரு சத்தம் குடுத்துட்டு அமைதியாயிடும். டக்… டக்… டக்குன்னு ஒரே இடைவெளில அடிச்சுட்டே இருந்து அப்புறம் நின்னுடுச்சுன்னா ஹெட்டுல (உள்ள சுத்தற தட்ட படிக்கற பாகம்) பிரச்சன, ஆன் பண்ணி ஆன் பண்ணி பாக்காதீங்க, ஒவ்வொரு தடவையும் உள்ள இன்னும் கீறும், டேட்டா முக்கியம்னா ரெக்கவரி பண்றவங்ககிட்ட குடுத்துடறது நல்லது. பவர் சரியா இருந்தும் சத்தமே வரலன்னா, ரொம்ப நாள் சும்மா கெடந்த டிஸ்க்குல ஹெட்டு தட்டோட ஒட்டிக்கிட்டு இருக்கலாம். டிஸ்க்க மட்டமா கைல புடிச்சு, தட்டு சுத்துற தெசையிலயே மணிக்கட்ட மட்டும் சட்டுன்னு ஒரு திருப்பு திருப்பினா சில நேரம் விட்டுக்கும். தட்டாதீங்க, மூடிய தொறக்காதீங்க. ஒரு தடவ சுத்த ஆரம்பிச்சுட்டா காப்பி முடியற வரைக்கும் அணைக்கக்கூடாது, திரும்ப சுத்தும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. ஃப்ரீசர்ல வெச்சு எடுத்தா ஓடும்னு சொல்லுவாங்க, அத தயவு செஞ்சு பண்ணாதீங்க, வெளிய எடுத்த ஒடனே உள்ள தண்ணி வேர்த்துடும்.

ஏற்காட்டுல இருந்து டிஸ்க்க சேலத்துக்கு எறக்கி கொண்டு வரவங்களுக்கும் இதே கதைதான். மேல குளிர்ல இருந்தது கீழ வெக்கைல வந்து வேர்க்கும், அதனால மேலயே பாலிதீன் கவர்ல போட்டு நல்லா மூடி, சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒண்ணு உள்ள வெச்சு, வீட்டுக்கு வந்து கவர தொறக்காம சில மணி நேரம் விட்டுட்டு அப்புறம் கரண்ட் குடுங்க. 20 கொண்டை ஊசி வளைவுலயும் டிக்கில உருள விடாம மடில வெச்சுக்கோங்க. மலை மேல காத்து கம்மி, அதனால டிஸ்க் போகுமான்னு சிலர் கேக்கறாங்க. இல்லங்க, டிஸ்க்குல காத்து போய் வர சின்ன ஓட்டை இருக்கு, 3000 மீட்டர் வரைக்கும் ஓடற மாதிரிதான் பொதுவா செய்யறாங்க, ஏற்காடு 1500 சொச்சம்தான். அங்க பயப்பட வேண்டியது ஈரத்துக்கும் ஏப்ரல் மே மாச இடி மின்னலுக்கும்.

உள்ள இருக்கறத எடுக்கறது எப்படின்னா, யுஎஸ்பி டூ ஐடிஇ கேபிள் வாங்கி லேப்டாப்ல சொருகறதுதான் எல்லாருக்கும் மொதல்ல தோணும். எல்பிஏ இருக்கற டிஸ்க்குக்கு அது சரி. 1990-கள் ஆரம்பத்துல வந்த சின்ன டிஸ்க் பலதுக்கு எல்பிஏ கெடையாது, அந்த கேபிள்ல பெரும்பாலும் தெரியாது, அத பாத்துட்டு டிஸ்க் செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணிடாதீங்க. போர்டுலயே ஐடிஇ போர்ட் இருக்கற பழைய டெஸ்க்டாப் ஒண்ணு புடிச்சு, லினக்ஸ் லைவ் சிடில (இன்ஸ்டால் பண்ணாம சிடில இருந்தே ஓடறது) பூட் பண்ணி, டிடிரெஸ்க்யூங்கற ப்ரோகிராம் வெச்சு டிஸ்க் முழுசையும் ஒரே இமேஜ் ஃபைலா எடுங்க. அது நல்லா இருக்கற பகுதிய மொதல்ல அள்ளிட்டு கெட்ட செக்டார கடைசில திரும்ப திரும்ப முயற்சி பண்ணும், எது வரைக்கும் எடுத்தாச்சுன்னு குறிக்கற மேப் ஃபைல் வெச்சுக்கிட்டா நடுவுல கரண்ட் போனாலும் விட்ட எடத்துல இருந்து தொடரலாம். ஃபைல் ஃபைலா காப்பி பண்ணா மறைஞ்சு இருக்கற சாஃப்ட்வேர் கீ, பூட் செக்டார் எதுவும் வராது, இமேஜ்ல அத்தனையும் வந்துடும்.

ப்ரெஸ் மெஷின்னா ஃபாண்ட்ஸ் ஃபோல்டர தனியாவும் ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கோங்க. யூனிகோட் பரவுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தமிழ் ஃபாண்ட்டும் ஒவ்வொரு மாதிரி எழுத்த அடுக்கி வெச்சிருந்துச்சு, 1999-ல சென்னைல நடந்த தமிழ்நெட் மாநாட்டுல டாம், டாப்னு பொது முறை வந்தப்புறமும் ப்ரெஸ்காரங்க பழக்கமான ஃபாண்ட்ட விடல. பேஜ்மேக்கர் ஃபைல் மட்டும் பொழச்சு ஃபாண்ட் போச்சுன்னா திறந்து பாக்கறப்போ வெறும் இங்கிலீஷ் எழுத்தும் குறியுமாத்தான் இருக்கும், எத்தனையோ கல்யாணமும் கோயில் நோட்டீஸும் அதுக்குள்ள அடைஞ்சு கெடக்கும். எஸ்டேட் கணக்குன்னா டிபிஎஃப் ஃபைலோட அதே பேர்ல இருக்கற எஃப்பிடி ஃபைலையும் சேத்து எடுங்க, மெமோ (நீளமான குறிப்பு) எல்லாம் அதுலதான் இருக்கு.

சரி, இப்ப மாத்து டிஸ்க். பழைய மெக்கானிக்கல் டிஸ்க்கையே தேடி வாங்கி போடறது எனக்கு புடிக்காது, அதுவும் அதே வயசுதானே. காம்பேக்ட் ஃப்ளாஷ் கார்டும் ஒரு ஐடிஇ அடாப்டரும் போதும். அந்த கார்டு ஐடிஇ பாஷையவே பேசும், நடுவுல எந்த சிப்பும் வேணாம், அடாப்டர் வெறும் பின்ன மாத்தி குடுக்கறதுதான். அடாப்டர் ஆன்லைன்ல கெடைக்கும். கார்டுக்கு கல்யாண போட்டோ ஸ்டுடியோல கேட்டு பாருங்க, அவங்க பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவுக்கு வாங்கினது சும்மா கெடக்க வாய்ப்பு இருக்கு.

எவ்வளவு பெருசு போடலாம்ங்கறத உங்க பயாஸ்தான் தீர்மானிக்கும். 1994-க்கு முந்தின பயாஸ் பெரும்பாலும் 528 எம்பிக்கு மேல பாக்காது, ஏன்னா 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டார், அதுக்கு மேல எண்ண எடம் இல்ல. அதுக்கு 512 எம்பி கார்டு கச்சிதமா பொருந்தும். அடுத்த சுவர் 8.4 ஜிபி, அதுக்கப்புறம் சில பயாஸ் 32 ஜிபிக்கு மேல பாத்தா அப்படியே தொங்கிடும். டாஸ் 6.22-க்கு ஒரு பார்ட்டிஷன் (டிஸ்க்க பிரிக்கற பகுதி) 2 ஜிபிதான். அதனால டாஸ் மெஷினுக்கு 512 எம்பியோ 2 ஜிபியோ, விண்டோஸ் 98-க்கு 4 அல்லது 8 ஜிபி, அதுக்கு மேல போட்டு பயாஸோட மல்லுக்கட்ட வேணாம். இன்னொண்ணு, விண்டோஸ் 98 ரேம் பத்தாதப்போ ஸ்வாப் ஃபைல்ல ஓயாம எழுதும், ரேம் கொஞ்சம் ஏத்தி வெச்சா கார்டு நாள் தாங்கும்.

கார்ட மாட்டி பயாஸ்ல தெரிஞ்சதும் டாஸ் ஃப்ளாப்பில (விண்டோஸ் 98 மெஷின்னா அதோட ஸ்டார்ட்அப் ஃப்ளாப்பில) பூட் பண்ணி எஃப்டிஸ்க்ல ப்ரைமரி பார்ட்டிஷன் போடுங்க, அத ஆக்டிவ் பண்ண மறக்காதீங்க, ஆக்டிவ் பண்ணலனா சில பயாஸ் "நோ ரோம் பேசிக், சிஸ்டம் ஹால்டட்"னு நிக்கும். அப்புறம் எஃப்டிஸ்க்குக்கு பின்னாடி ஸ்லாஷ் எம்பிஆர் போட்டு ஒரு தடவ ஓட்டுங்க, கேமராவுல இருந்த கார்டுல பூட் கோடு இருக்காது, இத விட்டுட்டா எல்லாம் சரியா பண்ணியும் பூட் ஆகாம மண்டைய ஒடைச்சுக்குவோம். கடைசியா ஃபார்மேட் சி, ஸ்லாஷ் எஸ். டாஸ்ல இருந்தே எக்ஸ்காப்பி போட்டு விண்டோஸ் 98-அ நகத்தாதீங்க, நீளமான ஃபைல் பேரெல்லாம் வெட்டுப்பட்டுடும், லினக்ஸ்ல இமேஜ மவுண்ட் பண்ணி அங்க இருந்து கார்டுக்கு காப்பி பண்ணுங்க. கேபினட்ல திரும்ப மாட்டறப்போ ஹார்ட் டிஸ்க் ஸ்க்ரூவும் ஃப்ளாப்பி ஸ்க்ரூவும் ஒண்ணுன்னு நெனச்சு முறுக்காதீங்க, ஃப்ளாப்பிக்கு மெல்லிசு மரை, தப்பா போட்டா மரை போயிடும்.

எல்லாம் ஓட ஆரம்பிச்சதும் புது கார்டோட சிலிண்டர், ஹெட், செக்டார், எந்த முறைல ஃபார்மேட் பண்ணீங்கங்கறத ஒரு சீட்டுல எழுதி கேபினட் உள்பக்கம் ஒட்டுங்க, அடுத்த தடவ பேட்டரி தீர்றப்போ பாக்கறவங்களுக்கு அது வேணும். இமேஜ் ஃபைல வேற வேற ரெண்டு எடத்துல வெச்சுக்கோங்க, ஒண்ணு கட்டாயம் அந்த கட்டடத்துக்கு வெளிய. பழைய டிஸ்க்க இப்போதைக்கு தூக்கி போடாதீங்க, கணக்கு எழுதறவரோ பத்திரிகை டிசைன் பண்றவரோ ஒரு மாசம் ஓட்டி பாத்து, எல்லாம் வந்துருச்சுன்னு அவங்க வாயால சொல்லட்டும்.