அரசு வயர்லெஸ் வலையமைப்புகளை ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவருதல்: சேலம் மாவட்டத்துக்கான வழிமுறை

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழையால் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. இப்படி ஒரு நாளில் காவல், தீயணைப்பு, வனம், வருவாய், நெடுஞ்சாலை ஆகிய துறையினர் ஒரே வளைவில் நிற்க நேரிடும். ஒவ்வொருவர் கையிலும் வாக்கி டாக்கி இருந்தாலும், அலைவரிசைகள் வேறு வேறாக இருந்தால், பத்து அடி தள்ளி நிற்பவரிடம் சொல்ல வேண்டிய செய்தி இரண்டு கண்ட்ரோல் ரூம்களைச் சுற்றித்தான் வந்து சேரும். அந்தத் தாமதத்தைப் போக்குவதற்கான வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

கருவி வாங்குவதில் தொடங்க வேண்டாம். பொறுப்பை ஒப்படைப்பதில் தொடங்குங்கள். 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியரே மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் என்பதால், துறைகளை ஒரு மேசையில் அமர்த்தும் அதிகாரம் அவரிடம் இருக்கிறது. அங்கே ஒரு தொழில்நுட்பக் குழுவை அமைத்து, கோபுரங்கள், ரிப்பீட்டர்கள் (வரும் அலையை வாங்கி வலுவாக மறுபடி ஒலிபரப்பும் கருவிகள்), உரிமங்கள், பராமரிப்பு ஒப்பந்தங்கள் ஆகிய நான்கையும் அதன் கையில் கொடுக்க வேண்டும். யார் யாரோடு எப்போது பேசுவது, பேச்சைப் பிறர் கேட்காதபடி பூட்டும் எந்தக் குறியாக்கச் சாவியை யார் வைத்திருப்பது என்பவை மட்டும் அந்தந்தத் துறையிடமே இருக்கட்டும். சேலம் மாநகரக் காவலும் மாவட்டக் காவலும் தனித்தனி அமைப்புகள் என்பதையும், வனத்துறையில் சேலம், ஆத்தூர் என இரண்டு கோட்டங்கள் உள்ளன என்பதையும் கணக்கில் கொண்டு உறுப்பினர்களைச் சேர்க்க வேண்டும். தங்கள் பேச்சு பிறர் காதில் விழும் என்ற அச்சம் காவல்துறைக்கு எழுவது நியாயமானது. அதற்கான விடையை முதல் கூட்டத்திலேயே எழுத்தில் தந்துவிட்டால், பின்னால் பல மாதங்கள் மிச்சமாகும்.

அடுத்தது கணக்கெடுப்பு. ஒவ்வொரு நிலையத்துக்கும் இடம், ஏரியலின் உயரம், திறன், அலைவரிசை, தடத்தின் (சேனலின்) அகலம், உரிமம் முடியும் நாள் ஆகியவற்றை நேரில் சென்று பார்த்துப் பதிய வேண்டும். கோப்பில் இருப்பதும் கோபுரத்தில் இருப்பதும் பொருந்துவது அரிது. பயன்படாமல் கிடக்கும் அலைவரிசையையும் மறைக்காமல் எழுதுங்கள். 1885 தந்திச் சட்டத்துக்கும் 1933 கம்பியில்லாத் தந்திச் சட்டத்துக்கும் மாற்றாக வந்த 2023 தொலைத்தொடர்புச் சட்டம், தகுந்த காரணமின்றிப் பயன்படுத்தாமல் விட்ட அலைக்கற்றையைத் திரும்பப் பெற ஒன்றிய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதே சட்டம் பாதுகாப்பு, பேரிடர் மேலாண்மை போன்ற தேவைகளுக்கு ஏலமின்றி நிர்வாக முறையில் ஒதுக்கீடு செய்யவும் வழிவகுக்கிறது. ஒதுக்கீட்டை முடிவு செய்வது ஒன்றியத் தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசைகளைத் திட்டமிட்டு ஒருங்கிணைக்கும் டபிள்யூபிசி பிரிவு என்பதால், மாவட்டத்தின் வேலை சரியான கணக்கோடும் ஒரே குரலோடும் மாநிலத் துறைத் தலைமைகள் வழியாக விண்ணப்பிப்பதுதான்.

இனி மலைக்கு வருவோம். சேலத்தில் இந்த வேலையின் சிக்கலெல்லாம் அங்கேதான் இருக்கிறது. ஏற்காட்டின் சேர்வராயன் உச்சி கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேலே இருக்கிறது. சேலம் சமவெளி 300 மீட்டருக்கும் கீழே. ஏரியல் நிற்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால், வானொலி அலையின் அடிவானத் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். சமவெளிக்கு மேல் 1,300 மீட்டர் என்று வைத்தால் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் வருகிறது. அதாவது அங்கே வைக்கும் ஒரு ரிப்பீட்டரின் அலை நாமக்கல், ஈரோடு, தருமபுரி மாவட்டங்களுக்குள்ளும் நுழையும். அவ்வளவு பரப்பிலும் அதே அலைவரிசையை வேறு எவரும் நிம்மதியாகப் பயன்படுத்த முடியாது. ஒவ்வொரு துறையும் உச்சியில் இடம் கேட்பது இயல்பு; ஆனால் உயரமாக வைக்கும் ஒவ்வொரு ரிப்பீட்டரும் பல மாவட்டங்களின் அலைக்கற்றையைத் தின்கிறது. ஆகவே உச்சியில் எல்லாத் துறைகளுக்கும் பொதுவான சில தடங்களை மட்டும் வைத்து, அன்றாடப் பேச்சை நகரத்திலும் ஆத்தூர், மேட்டூர் பகுதிகளிலும் தாழ்வான நிலையங்களுக்கு இறக்கிவிட வேண்டும். தாழ்வான நிலையத்தின் அலைவரிசையை இடையில் மலை மறைக்கும் இன்னொரு பகுதியில் மீண்டும் பயன்படுத்தலாம். நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை ஆகியவை நமக்கு இயற்கை தந்த தடுப்புச் சுவர்கள்.

உச்சியிலிருந்து 150 கிலோமீட்டர் போகும் அலை, காலடியில் இருக்கும் மலைப்பாதையின் மடிப்புகளுக்குள் இறங்காமல் போகக்கூடும். அதனால் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் நின்று சோதித்துப் பாருங்கள். சோதனையை வாகனத்தின் ஏரியலில் செய்யாமல், இடுப்பில் மாட்டிய கைக்கருவியில் செய்ய வேண்டும். ரிப்பீட்டர் பேசுவது நமக்குக் கேட்கிறதா என்பதோடு, நாம் பேசுவது ரிப்பீட்டருக்கு எட்டுகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். திறன் குறைந்த கைக்கருவியிலிருந்து மேலே செல்லும் வழிதான் முதலில் அறுபடும். அறுபடும் வளைவுகளுக்குச் சிறிய துணை நிலையங்கள் தேவைப்படும்.

ஒரே கோபுரத்தில் பல ஒலிபரப்பிகள் சேரும்போது கலப்பு அலைகள் பிறக்கும். எடுத்துக்காட்டாக 150.1, 150.2 மெகாஹெர்ட்ஸ் இரண்டும் ஒரே நேரத்தில் இயங்கினால் 150.3 இல் ஒரு போலி அலை எழலாம். அலைவரிசைத் திட்டத்தை ஒருவரே வரைந்தால் இத்தகைய சேர்க்கைகளை முன்பே தவிர்த்துவிடலாம். துறைவாரியாக வரைந்தால் இரைச்சல் வந்த பிறகுதான் தெரியும். ஒலிபரப்பிகளுக்கு ஐசோலேட்டரும் (பிற அலை உள்ளே திரும்பி வராமல் தடுப்பது) கேவிட்டி ஃபில்டரும் (தன் அலைவரிசையை மட்டும் கடக்க விடுவது) கட்டாயம். பாறைத் தரையில் எர்த்திங் எளிதில் சரியாக அமையாது. மின்னல் காலத்துக்கு முன்பாக ஆண்டுதோறும் அளந்து பாருங்கள்.

தடங்களைச் சேர்ப்பதால் வரும் பலனைக் கணக்கு சொல்லும். நூறு அழைப்புகளில் இரண்டுக்கு மேல் மறுக்கப்படக் கூடாது என்ற அளவுகோலில், எத்தனை தடம் எவ்வளவு பேச்சைத் தாங்கும் என்று சொல்லும் எர்லாங் அட்டவணைப்படி ஒற்றைத் தடம் மணிக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமான பேச்சையே தாங்கும். நான்கு துறைகளிடம் தனித்தனியே இருக்கும் நான்கு தடங்கள் மொத்தமாக ஐந்து நிமிடத்தைத் தாங்கும். அதே நான்கையும், காலியாக இருக்கும் தடத்தை அழைப்பவருக்குத் தானாகவே தரும் ட்ரங்கிங் முறையில் ஒரு தொகுப்பாக்கினால் 65 நிமிடம் தாங்கும். டிஜிட்டல் வயர்லெஸ் முறைகளில், டிஎம்ஆர் முறை 12.5 கிலோஹெர்ட்ஸில் இரண்டு பேச்சுகளையும், டெட்ரா முறை 25 கிலோஹெர்ட்ஸில் நான்கு பேச்சுகளையும் ஏற்றுகின்றன. எதைத் தேர்ந்தாலும் எல்லாத் துறைக் கருவிகளிலும் ஒரே பெயரில், ஒரே இடத்தில் ஒரு பொதுக் குழுத் தடம் இருக்க வேண்டும். அதில் மாதம் ஒரு முறையாவது எல்லோரும் பேசிப் பழக வேண்டும்.

பழைய அனலாக் ரிப்பீட்டர்களை உடனே இறக்கிவிடாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான ஒரு வடகிழக்குப் பருவமழை முழுவதையும் புதிய வலையமைப்பு தாங்கிய பிறகு, ஒவ்வொன்றாக அணைத்து, அந்த அலைவரிசைகளை எழுத்து மூலம் டபிள்யூபிசியிடம் ஒப்படைத்து, பெற்ற ஒப்புகையைக் கணக்கெடுப்புப் பதிவேட்டில் சேர்த்து வையுங்கள்.