புது சோயா மெழுகா? முதல் நாள் சுடரை வைத்து முடிவு செய்யாதீர்கள்

ஜாடியில் ஊற்றிச் செய்யும் வாசனை மெழுகுவர்த்திக்கு வழக்கமாக வாங்கும் சோயா மெழுகு கிடைக்காமல் போனதால் வேறு ஒன்று வாங்கினேன். அதே ஜாடி, அதே திரி, அதே மல்லிகை எண்ணெய். ஆனால் சுடர் பட்டாணி அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஓரத்து மெழுகு அப்படியே நிற்க, நடுவில் கிணறு மாதிரி இறங்கி, உருகிய மெழுகிலேயே திரி மூழ்கி அணைந்தது. ஒரு வளைகாப்புக்கு 40 ஜாடி செய்து தருவதாகச் சொல்லியிருந்த நேரம் அது. அன்றிலிருந்து எந்தப் புது மெழுகானாலும் இந்தச் சோதனை முடிந்த பிறகுதான் அடுத்தவர் கைக்குக் கொடுக்கிறேன்.

முதலில், அது ஜாடிக்கான கண்டெய்னர் மெழுகுதானா என்று கேட்டு வாங்குங்கள். ஜாடி இல்லாமல் தனியே நிற்கும் மெழுகுவர்த்திக்கான பில்லர் மெழுகு ஆறும்போது சுருங்கிக் கண்ணாடியை விட்டு விலகிவிடும். உருகுநிலையையும் கேளுங்கள். கண்டெய்னர் மெழுகு பெரும்பாலும் 45 முதல் 52 டிகிரி செல்சியஸுக்குள் உருகும். சென்னையில் இருப்பவர்களுக்கு 50-ஐ ஒட்டியதுதான் என் சிபாரிசு. மே மாத வெயிலில் மூடிய வண்டிக்குள் போகும் பார்சலுக்கு 45 தாங்காது.

அடுத்து அளவு. காலி ஜாடியைத் தராசில் வைத்து, மெழுகு நிற்க வேண்டிய உயரம்வரை தண்ணீர் ஊற்றி, தண்ணீரின் எடையை மட்டும் பாருங்கள். அதை 0.86-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ எவ்வளவு மெழுகு வேண்டும் என்று தெரியும். 200 கிராம் தண்ணீர் பிடித்தால் 172 கிராம் மெழுகு. பிறகு ஜாடியை ஈரமே இல்லாமல் துடைத்துவிடுங்கள். வாசனை எண்ணெய் 6 சதவீதம், அதாவது 10 கிராம் போதும். எண்ணெயை ஸ்பூனில் அளக்கவே அளக்காதீர்கள், எடைதான் சரி.

ஒரே அளவு ஜாடி மூன்று எடுத்து, ஒரே வகைத் திரியில் அடுத்தடுத்த மூன்று அளவுகளை ஒட்டுங்கள். ஜாடியின் அடியில் மார்க்கரால் எண் போடுங்கள். மற்ற எதையும் மாற்றக் கூடாது.

மெழுகைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள், நேரடித் தீயில் வேண்டாம். 80–85 டிகிரியில் எண்ணெய் சேர்த்து இரண்டு நிமிடம் நிதானமாகக் கலக்கி, 55–60-க்கு இறங்கியதும் ஊற்றுங்கள். மெழுகு விற்றவர் வேறு வெப்பநிலை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் தெர்மாமீட்டர் மேல்பரப்பைத்தான் காட்டும். முக்கிப் பார்க்கும் கம்பி தெர்மாமீட்டரே எனக்குப் பிடித்தது. தப்பித் தவறி மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்துவிட்டுத் தட்டால் மூடுங்கள்.

மூடி போட்டு இரண்டு வாரம் வையுங்கள். அவசரமென்றாலும் ஒரு வாரத்துக்குக் குறையக் கூடாது.

இப்போது எரிக்கும் கட்டம். நான் தவறியது இங்கேதான். திரியை 6 மில்லிமீட்டருக்கு நறுக்கி ஏற்றினேன். 7 சென்டிமீட்டர் அகல ஜாடி. மூன்று மணி நேரத்தில் சின்னத் திரியின் ஜாடியில் ஓரத்தில் விரல் தடிமனுக்கு மெழுகு உருகாமல் நின்றது. பெரிய திரியோ ஒரு மணி நேரத்திலேயே விளிம்புவரை உருக்கிவிட்டது. பெரியதுதான் சரியென்று எடுத்துக்கொண்டேன். அந்த ஜாடி பாதிக்குக் கீழே இறங்கியபோது சுடர் உயர்ந்து ஆடியது, திரி நுனியில் கரி காளானாகக் குவிந்தது, கண்ணாடியின் உள்விளிம்பு கறுத்தது. ஜாடியைத் தொட்டதும் கையை இழுத்துக்கொள்ளும் அளவுக்குச் சூடு.

காரணம் இதுதான்: மெழுகு இறங்க இறங்கச் சுடர் கண்ணாடிச் சுவருக்குள் போய்விடுகிறது. சூடு வெளியேறாமல் உள்ளேயே தேங்குகிறது. மேலே மெதுவாக உருக்கும் திரி கீழே போகப் போகச் சரியாக வந்து சேரும். ஓரத்தில் ஒட்டியிருந்ததையும் அந்தச் சூடே இறக்கிவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் மூன்று, நான்கு மணி நேரம் எரித்து, அணைத்து, நன்றாக ஆறவிட்டு, திரியை நறுக்கி, மீண்டும் ஏற்றி, அடியில் ஒரு சென்டிமீட்டர் மெழுகு மிச்சம் இருக்கும்வரை பாருங்கள். ஒவ்வொரு முறையும் மணிக்கு ஒருதடவை சுடரின் உயரம், கரி, ஜாடிச் சூடு மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். எரியும் ஜாடியை விட்டு வெளியே போகாதீர்கள். எனக்குக் கடைசியில் தேறியது நடுத் திரி.

பின்சேர்க்கை: "ஒரு பக்கம் மட்டும் கறுக்கிறது" என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். மூவர் வீட்டிலும் மேலே ஃபேன் ஓடியிருக்கிறது. காற்றில் சாயும் சுடரை வைத்துத் திரியை எடைபோட முடியாது. நான் விடியற்காலையில், ஃபேனை அணைத்துவிட்டு, சமையலறை மேடையில் எரித்துப் பார்க்கிறேன்.

குத்துவிளக்குப் பஞ்சுத் திரி போடலாமா என்றும் கேட்டார்கள். வேண்டாம். உருகிய மெழுகில் அது நிமிர்ந்து நிற்காமல் சாய்ந்துவிடும். மேலே வெள்ளையாகப் பூத்தால் பயப்பட வேண்டாம், அது சோயாவின் இயல்பு. எரிவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.