தட்டில் முதலில் மீன், கடைசியில்தான் சோறு

இனிப்பு நீர் (நீரிழிவு) என்று தெரிந்ததும் நம் வீடுகளில் முதலில் மாட்டிக்கொள்வது சோற்றுப் பானைதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இரவில் சோறு கிடையாது, மூன்று சப்பாத்தி, உருளைக்கிழங்குப் பிரட்டல், படுக்கப் போகும்முன் ஒரு மங்கு ஓட்ஸ் கஞ்சி, "நான் சோறே தொடுறதில்ல" என்று பட்டர்வொர்த் முழுக்கப் பெருமை வேறு. மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) எடுத்துப் பார்த்தால் எண் அசையவில்லை, எடை ஒரு கிலோ கூடியிருந்தது. எப்படி அசையும்? மூன்று சப்பாத்தியில் மட்டும் 50, 60 கிராம் மாவுச்சத்து போகிறது, அது கிட்டத்தட்ட 200 கிராம் சோற்றுக்குச் சமம். கிழங்கும் ஓட்ஸும் அதற்கு மேல்.

அப்புறம்தான் கணக்கைத் திருப்பிப் போட்டேன். முதலில் புரதத்தை முடிவு செய்ய வேண்டும், அடுத்து மாவுச்சத்துக்கு ஒரு வரம்பு, கடைசியாகக் கொழுப்பு.

ஆனால் மருந்து சாப்பிடுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இன்சுலின் போடுபவரும் கிளிக்லசைடு போன்ற மாத்திரை எடுப்பவரும் மருந்தளவை அப்படியே வைத்துக்கொண்டு மாவுச்சத்தை மட்டும் வெட்டினால் சர்க்கரை 4-க்குக் கீழே (இங்கே எல்லா மீட்டர் எண்ணும் mmol/L கணக்கு) இறங்கிவிடும், கை நடுங்கும், வியர்க்கும். அப்போது மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு வேறு ஒரு ஆபத்து இருக்கிறது. மாவுச்சத்தை ரொம்பக் குறைத்தால், மீட்டரில் எண் சாதாரணமாக இருக்கும்போதே இரத்தத்தில் அமிலம் ஏறலாம். வாந்தியும் மூச்சிரைப்பும் வந்தால் வீட்டில் படுத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். சிறுநீரகம் பழுதானவர்கள், கர்ப்பிணிகள், முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கவே வேண்டாம். மற்றவர்களும் கிளினிக்கில் "சோற்றைக் குறைக்கப் போகிறேன், மருந்தை மாற்ற வேண்டுமா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பிப்பதுதான் நல்லது.

சரி, கணக்கு. என் எடை 75 கிலோ. கிலோவுக்கு 1.2 கிராம் என்று வைத்தால் நாளுக்கு 90 கிராம் புரதம். கேட்கச் சின்ன எண்தான், ஆனால் நம் சாப்பாட்டில் அதைத் தேடி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஒரு முட்டையில் 6 கிராம், வெந்த கோழி நெஞ்சு 100 கிராமில் 30, கெம்போங் மீன் (கானாங்கெளுத்தி வகை) 100 கிராமில் 20 சொச்சம். பருப்பைப் புரதம் என்று நினைத்தே வளர்ந்துவிட்டோம், ஆனால் வெந்த பருப்பு அரைக் கோப்பையில் புரதம் 9 கிராம், மாவுச்சத்து 20. சாம்பாரை நம்பி 90-ஐத் தொட முடியாது. சைவக்காரர்களுக்கு இந்த ஊரில் ஒரு அதிர்ஷ்டம், பசாரில் தெம்பேயும் (புளிக்க வைத்த சோயாக் கட்டி) தௌஃபூவும் (சோயாப் பாலாடைக் கட்டி) மலிவாகக் கிடைக்கிறது. தெம்பே 100 கிராமில் கிட்டத்தட்ட 19 கிராம் புரதம், மாவுச்சத்து பத்துக்கும் கீழே. மஞ்சள், மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டினால் கோழி வறுவலுக்குக் கொஞ்சமும் குறையாது (என் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார்).

மாவுச்சத்து நாளுக்கு 130 கிராமுக்குக் கீழே போனால் அதைக் குறைந்த மாவுச்சத்து உணவு என்பார்கள், 50-க்குக் கீழே போனால் கீட்டோ. நான் 100-ல் நிற்கிறேன். வேளைக்கு 30, மீதி பத்து வெங்காயம், தக்காளி, பால் என்று தானாகப் போய்விடும். வெந்த சோறு 100 கிராமில் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, அதாவது ஒரு வேளைக்கு 100 கிராம் சோறு. இந்த அளவு கண்ணுக்குப் பிடிபடாது, அதனால் முதல் இரண்டு வாரத்துக்கு ஒரு சின்ன சமையல் தராசு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு அகப்பையில் நான் அள்ளினால் 60 கிராம், அதே அகப்பையில் அம்மா அள்ளினால் 110. இரண்டையும் ஒரு அகப்பை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

கடைசியாகக் கொழுப்பு. மற்ற இரண்டும் கிராமுக்கு 4 கலோரி என்றால் இது 9. சர்க்கரையை நேரடியாக ஏற்றாது, அதனால் பலர் தாராளமாக ஊற்றிவிடுகிறார்கள். காப்பியில் வெண்ணெய் போட்டுக் குடிக்கிற ஆட்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும், வயிற்றில் தொங்குவதை எரிக்கத்தானே இவ்வளவு பாடு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி, கெட்டித் தேங்காய்ப்பால் (சந்தான்) 100 மில்லி 200 கலோரி. எனக்கு 100 கிராம் மாவுச்சத்தும் 90 கிராம் புரதமும் சேர்ந்து 760 கலோரி, 65 கிராம் கொழுப்பு சேர்த்தால் 1,350-ஐ ஒட்டி நிற்கும், எடை இறங்குகிறது. சர்க்கரை நன்றாக இருந்தும் தராசு அசையாவிட்டால் நான் முதலில் கை வைப்பது எண்ணெயிலும் சந்தானிலும்தான். எண்ணெயைக் குறைத்துப் பசி தாங்கவில்லை என்றால் காயையும் மீனையும்தான் கூட்டுவேன், சோற்றைக் கூட்ட மாட்டேன். கெட்ட கொலஸ்ட்ரால் ஏற்கெனவே ஏறியிருப்பவர்கள் நெய்யையும் தேங்காய்ப்பாலையும் கணக்காக வைத்துக்கொண்டு மீன், கச்சான் (நிலக்கடலை) பக்கம் போங்கள்.

பினாங்கில் இருந்துகொண்டு நாசி கண்டார் (சோற்றோடு பல கறிகளும் குழம்பும்) சாப்பிடாதே என்றால் யார் கேட்பார்கள்? நான் இப்படித்தான் சொல்லி வாங்குகிறேன்: "பாய், சோறு கால்வாசி போதும், வெண்டைக்காய் ரெண்டு பங்கு, மீன் ஒண்ணு, அவிச்ச முட்டை ஒண்ணு, குவா மேல ஊத்தாதீங்க, ஓரமா வைங்க." கடைசிப் பகுதியை இரண்டு முறை சொல்லுங்கள், அவர் கை பழக்கத்தில் குவாவை, அதாவது குழம்பை, மூன்று கரண்டி ஊற்றிவிடும், அதில் மிதப்பது எண்ணெய். பிறகு வெண்டைக்காயும் மீனும் உள்ளே போன பிறகு சோற்றில் கை வையுங்கள். நாரும் புரதமும் முன்னால் போனால் சோறு மெதுவாகச் செரிக்கும், சர்க்கரை விறுவிறுவென்று ஏறாது. மலேசிய சுகாதார அமைச்சு சொல்லும் 'சுகு-சுகு செப்பாரோ' (கால்-கால்-அரை) தட்டும் கிட்டத்தட்ட இதுதான், கால்வாசி சோறு, கால்வாசி மீன் அல்லது இறைச்சி, பாதி காயும் பழமும். நான் அந்தப் பாதியை முழுக்கக் காயாகவே வைத்துக்கொள்கிறேன். பழம் வேண்டுமென்றால் கொய்யாவில் பாதி.

தே தாரிக்கில் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) 'குராங் மானிஸ்' (இனிப்புக் குறைவாக) என்று சொல்லி ஏமாறாதீர்கள், இனிப்பு டின்பாலிலேயே இருக்கிறது. தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) கேளுங்கள், பால் இல்லாமல் இறங்காது என்றால் தே சி கோசோங் (இனிப்பில்லாத டின்பால் போட்டது, சீனி இல்லாமல்).

முதல் வாரம் தலைவலி, மலச்சிக்கல் வரலாம், தண்ணீரும் காயும் கூட்டினால் போய்விடும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எழுந்ததும் தலை சுற்றினால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

எல்லாம் சரியாகப் போகிறதா என்று மீட்டர் சொல்லும். சாப்பிடும் முன் ஒரு முறை, முதல் வாயிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை. பெரும்பாலோருக்கு வெறும் வயிற்றில் 4.4 முதல் 7, சாப்பிட்ட பின் 8.5-க்குள் இருந்தால் நல்லது. சாப்பிடும் முன் இருந்ததைவிட எனக்கு 2-க்கு மேல் ஏறினால் அடுத்த நாள் அதே சாப்பாட்டில் சோற்றை மட்டும் 30 கிராம் குறைத்துப் பார்ப்பேன். ஒரே நாளில் மூன்றையும் மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

கல்யாண விருந்தில் சோறு வேண்டாம் என்று சொல்ல எனக்கு முதலில் கூச்சம்தான். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் கிட்டத்தட்ட ஆறில் ஒருவருக்கு இனிப்பு நீர், அப்படியென்றால் பத்துப் பேர் மேஜையில் எனக்குத் துணையாக இன்னொருவர் இருக்கவும் கூடும். தீபாவளிக்கு முறுக்கும் நெய் உருண்டையும் உள்ளே போய்விட்டால் மறுநாள் பட்டினி கிடக்காதீர்கள், மாத்திரையைக் கூட்டிப் போடாதீர்கள். காலையில் இரண்டு முட்டை அவித்துப் பசியாறிவிட்டு வழக்கம்போல மதியத்துக்குச் சோற்றை நிறுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.